சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு ரூம்

ஜனவரி 12

முதலாளியம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வேலையிலும் சேர்ந்துவிட்டேன். இன்று கடைக்கு வார விடுமுறை. ஷட்டர் இறக்கிய கடையின் வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடலாம்தான். ஆனால் அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். நாம் இரண்டு பேரும் 'சாப்பிட்டியா' என்று ஆரம்பித்து, வட்டியைத் தொட்டு, சண்டையில் முடிப்போம். கடிதத்தில் கோபம் வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். தபால் தலையும் போன் காசைவிடக் குறைவு.

கடை மூன்று மாடி. நாம் இழுத்து மூடின செருப்புக் கடையை அப்படியே தூக்கி வந்து இவர்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடலாம். எனக்குப் பெண்கள் பிரிவு. வருகிறவர் நாற்காலியில் உட்காருவார். நான் கீழே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, காலைப் பிடித்து மாட்டிவிட வேண்டும். நம் கடையில் இதற்கு ஓர் ஆள் வைத்திருந்தோமே, அந்த ஆள் இப்போது நான்.

சம்பளத்தைப் பிரித்துவிட்டேன். பெரிய பங்கு வட்டிக்காரருக்கு. அடுத்தது உனக்கு. மிச்சம் எனக்கு. நீ செய்ய வேண்டியது: பேப்பரை நிறுத்து. பால் பாதி போதும். துணியை இஸ்திரிக்குக் கொடுக்காதே. குட்டிக்கு முடியை நீயே வெட்டிவிடு. ஓர் அறையில் ஆள் இருந்தால் மற்ற அறையில் விளக்கு எரியக் கூடாது.

இன்னொன்று. மாதம் ஒரு தடவை வருவேன் என்று சொல்லியிருந்தேன். ரயிலில் வந்து போகிற செலவைப் போட்டுப் பார்த்தேன். கட்டுப்படியாகவில்லை. அதையும் வெட்டிவிட்டேன். கடன் முடியட்டும், ஒரேயடியாக வந்துவிடுகிறேன். இரண்டு வருஷம்தானே, ஓடிப்போய்விடும்.

குட்டியிடம் அப்பா பெரிய கடையில் இருக்கிறார் என்று சொல். பொய் இல்லை.

உன் கடைக்காரன்

*

ஜனவரி 27

என்னங்க,

கடிதம் வந்தது. கடைப் பையனுக்குப் போடுகிற உத்தரவு மாதிரி இருந்தது. பால், பேப்பர், இஸ்திரி, விளக்கு, அதற்குக் கீழே நீங்கள். பாலை நீங்கள் சொல்வதற்கு முன்பே பாதியாக்கிவிட்டேன். பேப்பர்காரரிடம் கணக்கு முடித்தாயிற்று. முடி வெட்டியதில் குட்டிக்கு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. "இது புது ஸ்டைல்டி" என்று சமாளித்திருக்கிறேன். எல்லாவற்றையும் வெட்டியாயிற்று. உங்களையும் செலவுக் கணக்கில் எழுதி வெட்டுவீர்கள் என்று மட்டும் நினைக்கவில்லை.

நீங்கள் சொன்னது சரியான கணக்குதான். அதுதான் கோபம்.

போன வாரம் அண்ணன் வந்திருந்தார். இரண்டாவது கடை போட நீங்கள் கேட்டதும் அண்ணிக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தவர், வட்டி கேட்காதவர். அந்தப் பணம் முழுக்க மழைக்காலச் செருப்பாக மாறி, மழை பெய்யாமல் மூட்டை மூட்டையாக நின்றதையும் பார்த்தவர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ போட்டேன். "சர்க்கரை வேணாம்மா, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்" என்றார். நானும் நம்பிவிட்டேன். மறுநாள் அண்ணியைக் கடைத்தெருவில் பார்த்தபோது விசாரித்தேன். "அவருக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரித்தார். என் வீட்டுச் சர்க்கரையை மிச்சம் பிடித்திருக்கிறார் என் அண்ணன்.

வட்டிக்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போய்விடுவார், அது எனக்குப் பழகிவிட்டது. கத்தாத ஆளை எப்படிப் பார்ப்பது? முதலில் அண்ணனுக்குக் கொடுங்கள்.

நீங்கள் தங்கியிருக்கிற இடம் எப்படி? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளிச்சம் வருமா? யார் கூட இருக்கிறீர்கள்? சாப்பாடு எங்கே?

*

பிப்ரவரி 9

முதலாளியம்மாவுக்கு,

கோபம் நியாயம். கிழிக்காமல் அனுப்பினாயே, அதற்கு நன்றி.

உன் அண்ணன் விஷயம். மச்சானுடைய பணம் வளராது, வட்டிக்காரர் பணம் நாம் தூங்கும்போதும் வளர்கிறது. வளர்கிறதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். வியாபாரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மச்சான் சர்க்கரை இல்லாமல் டீ குடித்ததைப் படித்த அன்றைக்கு நானும் என் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காகக் கணக்கை மாற்ற முடியுமா, சொல்.

இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ராஜா மாதிரி இருக்கிறேன். மாடியில் தனி ரூம். ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். வெளியே ஒரு மரம், கிளை கைக்கு எட்டும். தண்ணீர் காலையிலும் சாயந்திரமும் வருகிறது. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். இந்த வாடகைக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

ஒரு வேலை செய். குட்டியைப் பேப்பரில் நிற்க வைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. இங்கே சின்னக் குறை உள்ள ஷூவை வேலை செய்கிறவர்களுக்குப் பாதி விலைக்குத் தருகிறார்கள். பள்ளிக்குப் போட்டுப் போகட்டும். முடிந்தால் உன் காலையும் வரை.

நேற்று ஓர் அம்மா வந்தார். வலது கால் கட்டைவிரல் உன்னுடையது மாதிரியே கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. மாட்டிவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா, சரியா இருக்கா இல்லையா?" என்று அதட்டினார். "ரொம்பச் சரியா இருக்கும்மா" என்றேன். அவர் செருப்பைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உன் கடைக்காரன்

*

பிப்ரவரி 26

என்னங்க,

குட்டியின் கால் இத்துடன் இருக்கிறது. சமையலறைத் தரையில் நிற்க வைத்து வரைந்தேன். பென்சில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் போகும்போது கூச்சம் தாங்காமல் குதித்தாள். அந்த இடத்தில் கோடு ஓடியிருக்கும். அது கால் இல்லை, சிரிப்பு. அதை விட்டுவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

என் கால் வேண்டாம். இருக்கிற செருப்பு இன்னும் உழைக்கும். என் அளவு உங்களுக்குத் தெரியாததா? ஆறு.

கட்டைவிரல் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே இரண்டாம் தடவை கழுவிக்கொண்டிருந்தேன் என்று குட்டி வந்து சொன்னாள்.

அவள் இப்போது யாராவது கேட்டால் "எங்கப்பா லெட்டர்ல இருக்கார்" என்கிறாள். சிரிப்புக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாளா, தெரியவில்லை.

நீங்கள் காலை வரையச் சொன்னீர்கள், நான் ரூமை வரையச் சொல்கிறேன். உங்கள் ரூமைப் பேப்பரில் வரைந்து அனுப்புங்கள். நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு வைக்க இடம் உண்டா, எல்லாம் வேண்டும். குட்டி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

மார்ச் 14

முதலாளியம்மாவுக்கு,

குட்டியின் காலைக் கடையில் அளவுக் கட்டை மேல் விரித்துப் பார்த்தேன். நான் அவளைப் பதினொன்று என்று மனசில் வைத்திருந்தேன். பன்னிரண்டைத் தாண்டிவிட்டாள். செருப்பு விற்கிற எனக்கு என் மகள் கால் வளர்ந்தது தபாலில் தெரிகிறது. சிரிப்பையும் சேர்த்தே அளந்தேன், அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு ஷூ எடுத்திருக்கிறேன். தையல் ஓர் இடத்தில் கோணல். சாக்ஸ் மறைத்துவிடும்.

ரூம் படம் இத்துடன். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து. ஜன்னல் தெருப் பக்கம். அடுப்புக்கு மூலையில் மேடை இருக்கிறது. மரத்தையும் வரைந்திருக்கிறேன், எனக்கு வந்த அளவு.

ஒரு வேடிக்கை கேள். போன வாரம் நம் தெருக்கோடி டீச்சரம்மா இந்தக் கடைக்கு வந்துவிட்டார்! மகளுக்குக் கல்யாணச் செருப்பு வாங்க இவ்வளவு தூரமா வருவார்கள்? நேராக என் நாற்காலியில் வந்து உட்காருகிறார். நான் ஸ்டாக் எடுக்கிற மாதிரி கிடங்குக்குள் போய், ஏணியில் ஏறி மேல் தட்டோடு ஒட்டிக்கொண்டேன். அவர் போகிற வரைக்கும் இறங்கவில்லை. சூப்பர்வைசர் கீழே நின்று, "என்ன சார், மேலயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்கிறார். நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

வட்டிக்காரரிடம் அசல் குறைய ஆரம்பித்திருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் கடைக்காரன்

*

ஏப்ரல் 2

என்னங்க,

ஏணி விஷயம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் ரூமுக்கு நாங்கள் குடிவந்துவிட்டோம்.

பயப்படாதீர்கள். கூடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். நம் கடையிலிருந்து கொண்டுவந்த கால் அளக்கிற கட்டை பரணில் கிடந்தது. அதை வைத்து அளந்து, பன்னிரண்டுக்குப் பத்து. கதவுக்கு இடம் விட்டேன், அடுப்பை மூலைக்கு நகர்த்தினேன். மற்ற அறைகளைப் பூட்டிவிட்டேன். குளிக்கவும் பள்ளிக்கூடம் போகவும் மட்டும்தான் வெளியே. கோட்டுக்கு உள்ளேயே சமையல், உள்ளேயே படிப்பு, உள்ளேயே தூக்கம். நான் மறந்துபோய்க் கோட்டைத் தாண்டினால் "அம்மா, சுவத்துல முட்டிக்கப் போறே!" என்று கத்துகிறாள்.

முதல் இரண்டு நாள் மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. தேவையில்லாத சாமான் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று கோட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது. கரண்ட் மீட்டர் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது.

ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்று தினமும் சண்டை. குட்டி அங்கே சுவரில் உங்கள் மரத்தை வரைந்திருக்கிறாள். கிளையில் உங்களை உட்கார வைத்திருக்கிறாள்.

"அப்பா ஏன்டி மரத்துல இருக்கார்?"

"நாம வந்துட்டோம்ல, உள்ள எடம் இல்ல. தள்ளிப் படு, அவர் இறங்கி வரட்டும்."

நான் தள்ளித்தான் படுக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஊரில் இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு. நீங்கள் பாலை வெட்டினீர்கள், பேப்பரை வெட்டினீர்கள், இதை விட்டுவிட்டீர்கள். இந்த வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வரும். அதை அண்ணனுக்குக் கொடுத்தால் அந்தக் கடன் அன்றைக்கே முடிந்தது. இங்கே கொடுக்கிற வாடகை மாதாமாதம் வட்டிக்காரருக்குப் போகும். இரண்டு வருஷம் ஒரு வருஷமாகும். பரீட்சை முடிந்ததும் நானும் குட்டியும் அங்கே வந்துவிடுகிறோம். உங்கள் ரூம் நமக்குப் போதும், இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வீட்டு உரிமையாளரிடம் ஜாடையாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

*

ஏப்ரல் 8

முதலாளியம்மாவுக்கு,

வராதே.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். முதல் நான்கில் இங்கே பள்ளிக்கூடம் சரியில்லை, வெயில் தாங்க முடியாது, வீட்டுக்காரருக்குக் குழந்தைகள் பிடிக்காது என்றெல்லாம் இருந்தது. கிழித்துவிட்டேன்.

அப்படி ஒரு ரூமே இல்லை. நான்கு பேர் இருக்கிற இடம். ஒரு தையல்காரர், ஒரு லாரி கிளீனர், ராத்திரி வேலைக்குப் போகிற ஒரு வாட்ச்மேன், நான். வாட்ச்மேன் எழுந்து போனால்தான் எனக்குப் படுக்க இடம். ஜன்னல் கிடையாது. மரம், இந்தத் தெருவிலேயே கிடையாது. நீளமும் அகலமும் கூட நான் அளக்கவில்லை, நம் பழைய கடையின் அளவை எழுதினேன்.

செருப்பில் ஓட்டை இருந்தாலும் நல்ல வார்த்தை சொல்லி விற்றுப் பழகிய வாய். நீ கேட்டாய், ஒரு ரூமை உன்னிடம் விற்றுவிட்டேன். வாங்கியவள் அதில் குடியேறுவாள் என்று எந்தக் கடைக்காரன் எதிர்பார்ப்பான்? நீங்கள் கோட்டுக்குள் படுத்திருக்கிறீர்கள் என்று படித்தபோது கடைப்படியிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ரூம்கூட வேறு பார்க்கலாம். அது மட்டும் இல்லை. நம் கடையில் நீ கல்லாவில் உட்கார்ந்திருந்தாய், நான் பக்கத்தில் நின்று ஆட்களை வேலை வாங்கினேன். உன் மனசில் நான் அப்படியே இருக்கட்டும். இங்கே வந்து, நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதை நீ பார்க்க வேண்டாம். குட்டி பார்க்கவே வேண்டாம். இதுதான் உண்மை.

உங்களைப் பார்க்க வேண்டும் போல இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. குட்டியின் கால் படம் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. வேர்வையில் பென்சில் கோடு மங்கிவிட்டது. நானே இரண்டு தடவை அதன் மேலேயே வரைந்துவிட்டேன்.

*

ஏப்ரல் 17

என்னங்க,

எனக்குத் தெரியும்.

ஜன்னலும் காற்றும் உள்ள ரூம் வைத்திருக்கிறவர் ஏன் கடை வாசல் படியில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்? அதுவும் அந்த வீட்டுக்காரரைத் தங்கமான மனுஷன் என்று எழுதினீர்களே, அங்கேயே பிடித்துவிட்டேன். இத்தனை வருஷம் கல்லாவில் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்? நீங்கள் எந்தச் சரக்கை அதிகமாகப் புகழ்கிறீர்களோ அதைத்தான் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன்.

பிறகு ஏன் கோடு போட்டேன் என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தீர்களா? தரையில் பாய் வரைந்திருக்கிறீர்கள். மூன்று பாய். ஒன்று சின்னது. தனியாக இருக்கிற மனுஷர் எதற்கு மூன்று பாய் வரைகிறார்? ரூம் பொய். பாய் பொய் இல்லை. அதை நம்பித்தான் கோடு போட்டேன்.

ஸ்டூல் விஷயம். கடை மூடினதும் நான் அழுதது கல்லா போனதற்கா? சாயந்திரம் நீங்கள் பக்கத்தில் நின்று, "முதலாளியம்மா, சில்லறை இருக்கா?" என்று கேட்பீர்களே, அது போனதற்கு. நீங்கள் ஸ்டூலில் இருந்தாலும் ஏணியில் இருந்தாலும் சாயந்திரம் வீட்டுக்கு வருவீர்கள் அல்லவா? அதை வெட்டுகிற கணக்கு எனக்கு வேண்டாம். டீச்சரம்மா உங்களை அன்றைக்கே பார்த்துவிட்டார். ஏணியில் கால் மட்டும் தெரிந்ததாம். "உன் வீட்டுக்காரர் கால்தானேம்மா அது? நல்லா இருக்காரா?" என்று கேட்டார். நல்லா இருக்கார் என்று சொன்னேன். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை.

வீட்டு உரிமையாளரிடம் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. குட்டிக்கு டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்வான்ஸை முன்கூட்டியே கேட்டு வாங்கி, நானே அண்ணன் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். டீ போட்டுக் கொடுத்து, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் நின்றேன். பிறகு வாங்கிக்கொண்டார்.

மே பத்தாம் தேதி ரயில். அதற்குள் ஓர் இடம் பாருங்கள். கோட்டுக்குள் இருந்து பழகிவிட்டோம், சின்னதாக இருந்தாலும் சரி. இந்தத் தடவை அளந்து பாருங்கள்.

என் காலையும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது.

*

மே 3

முதலாளியம்மாவுக்கு,

இடம் பிடித்துவிட்டேன். குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று பேச்சு வரக் கூடாது.

பதினோரு அடிக்கு ஒன்பது. டேப் வைத்து, தையல்காரரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். உங்கள் சாக்பீஸ் கோட்டைவிடச் சின்னது. ஒரு மூலையில் மழைத்தண்ணீர் இறங்கின கறை இருக்கிறது. தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் கீழே போய்ப் பிடித்து வர வேண்டும். மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வீட்டுக்காரர் சிடுசிடுப்பு. ஜன்னல் இருக்கிறது. திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மரம் இல்லை. குட்டியிடம் சாக்பீஸ் எடுத்து வரச் சொல்.

நல்லது ஒன்றே ஒன்று: மூன்று பாய் விரிக்க இடம் இருக்கிறது. விரித்துப் பார்த்துவிட்டேன்.

உன் கால் படத்தை அளவுக் கட்டையில் வைத்தேன். ஏழு. ஒரு நூல்கூடக் குறையவில்லை. முதலில் நீ தப்பாக வரைந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நம் கடையில் எப்போதும் விற்காமல் நின்றது ஆறாம் நம்பர்தான். கல்யாணமானதிலிருந்து நீ ஆறு, ஆறு என்று சொல்லி, தேங்கின ஜோடியாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் கட்டைவிரல் பிறவியிலேயே சாய்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ள காலையெல்லாம் அளந்தவன் நான். இப்போது நான் வெட்டுகிற செலவுக்கெல்லாம் முன்னாலேயே நீ இதை வெட்டியிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஏழில் ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன். குறை இல்லாதது, முழு விலை. சண்டை போடாதே, இந்த மாதம் என் மதிய டீயை நிறுத்திவிட்டேன். அந்த ஜோடியை நான் வீட்டுக்குக் கொண்டு வர மாட்டேன். ரயில் காலையில் வந்துவிடும். சாமானை ரூமில் போட்டுவிட்டு, நீயும் குட்டியும் கடைக்கு வாருங்கள். இரண்டாவது மாடி, பெண்கள் பிரிவு, இடமிருந்து மூன்றாவது நாற்காலி. உட்கார்ந்து காலை நீட்டு.

நான் ஏணி பக்கம் போக மாட்டேன். ஸ்டூலில்தான் இருப்பேன்.

உன் கடைக்காரன்